துணையைப் பராமரிக்கும் முதியவர்களிடம் தாம்பத்தியம் பற்றிக் கேட்பது எப்படி?

முதுகலைச் சமூகப்பணி மாணவர் ஒருவரின் கேள்வி இது. நோயுற்ற வாழ்க்கைத் துணையை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களின் பாலியல் நலம் குறித்து ஆய்வேடு எழுத விரும்புகிறார். "இந்த வயதில் இதையெல்லாம் கேட்டால் யார் பதில் சொல்வார்கள்?" என்று அவருடைய வழிகாட்டி தயங்குகிறார். கேள்விகளை எப்படி அமைப்பது, ஒப்புதல் எப்படி வாங்குவது, எங்கே சறுக்கும் என்று கேட்டிருக்கிறார்.

முதலில் வழிகாட்டியின் தயக்கத்தை எடுத்துக்கொள்வோம். முதியவர்கள் பதில் சொல்வார்கள். அமெரிக்காவில் 57 முதல் 85 வயது வரையிலான 3,005 பேரை வீடு தேடிப் போய்ச் சந்தித்த தேசிய அளவிலான ஆய்வின் முடிவுகள் 2007-ல் வெளிவந்தன. அணுகப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கலந்துகொண்டார்கள். முந்தைய 12 மாதங்களில் பாலுறவு இருந்ததாகச் சொன்னவர்கள் 57–64 வயதினரில் 73 விழுக்காடு, 65–74 வயதினரில் 53 விழுக்காடு, 75–85 வயதினரில் 26 விழுக்காடு. அதே ஆய்வில் உங்களுக்கு இன்னும் முக்கியமான எண் ஒன்று இருக்கிறது: 50 வயதுக்குப் பிறகு இதைப் பற்றி மருத்துவரிடம் பேசியிருப்பதாகச் சொன்னவர்கள் ஆண்களில் 38 விழுக்காடு, பெண்களில் வெறும் 22 விழுக்காடு. ஆய்வாளர் வந்து கேட்டால் பேசுகிறவர்கள், மருத்துவரிடம் பேசாமலே இருந்திருக்கிறார்கள்.

பெரிய கணக்கெடுப்புகளும் நீண்ட காலம் முதியவர்களை வெளியிலேயே நிறுத்தின. பிரிட்டனின் தேசியப் பாலியல் ஆய்வு முதல் சுற்றில் (1990–91) 59 வயதோடு நின்றது. இரண்டாம் சுற்றில் 44-க்குச் சுருங்கியது. 2010–12-ல் நடந்த மூன்றாம் சுற்றில்தான் 74 வரை போனார்கள். பல நாடுகளில் நடக்கும் மக்கள்தொகை, நலவாழ்வு ஆய்வுகளில் பெண்களுக்கான நேர்காணல் 15 முதல் 49 வயது வரைதான். உங்கள் முன்மொழிவின் 'ஆய்வின் தேவை' பகுதியில் இதைச் சொல்லுங்கள்.

இனி ஆய்வின் வடிவம். என் கருத்தில் இந்தத் தலைப்பில் எழுதப்படும் ஆய்வேடுகள் தோற்பதற்கு ஒரே பெரிய காரணம்தான் உண்டு: பராமரிப்பை ஒரு கேள்வித்தாளிலும் பாலியல் நலத்தை இன்னொரு கேள்வித்தாளிலும் அளந்துவிட்டு, கடைசியில் இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று கணக்குப் போடுகிறார்கள். வாழ்க்கையில் இவை இரண்டும் ஒரே அறையில், ஒரே கட்டிலில் நடக்கின்றன. அன்றாடச் செயல்களை அளக்க 1963 முதல் புழங்கிவரும் காட்ஸ் பட்டியலைப் பாருங்கள்: குளித்தல், உடுத்துதல், கழிப்பறைக்குப் போதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், மலசலக் கட்டுப்பாடு, சாப்பிடுதல். சாப்பாட்டைத் தவிர மற்ற ஐந்திலும் உதவி என்றால் ஆடையைக் களைவது, உடலைத் தூக்கிப் பிடிப்பது, அந்தரங்க உறுப்பைத் துடைப்பது. நாற்பது ஆண்டுகள் ஆசையோடு தொட்ட உடலை இப்போது கையுறை போட்டுத் தொட வேண்டியிருக்கிறது. உங்கள் ஆய்வுக்குரிய இடம் இதுதான். தொடுதலின் பொருள் மாறிப்போவதை நேரடியாகக் கேளுங்கள், மற்றவை அதன் பின்னாலேயே வரும்.

எல்லா நோய்களையும் ஒரே ஆய்வில் அடைக்காதீர்கள். பக்கவாதம், பார்க்கின்சன், மறதிநோய், புற்றுநோய் ஆகிய நான்கும் படுக்கையறையில் நான்கு வேறு காரியங்களைச் செய்கின்றன. பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழப்பதோடு, 'அந்த நேரத்தில் மறுபடி வந்துவிட்டால்?' என்ற அச்சம் இருவருக்கும் இருக்கும். பார்க்கின்சனில் உடல் இறுகிப்போவதும் இரவில் புரண்டு படுக்க முடியாததும் ஒரு பக்கம். பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலருக்குக் கட்டுக்கடங்காத பாலியல் உந்துதலை உண்டாக்குவது இன்னொரு பக்கம். மறதிநோயில் துணை தன்னை அடையாளம் கண்டுகொள்கிறாரா என்பதே கேள்வியாகிவிடும். ஒரு முதுகலை ஆய்வேட்டுக்கு ஒரு நோய் போதும்.

'பராமரிப்பாளர்' யார் என்பதையும் முதலிலேயே வரையறுங்கள். ஊதியமின்றி, உறவின் அடிப்படையில், வாரத்தில் இத்தனை நாள், இத்தனை மாதங்களாக, ஓர் அன்றாடச் செயலிலாவது கைகொடுப்பவர் என்று எழுதுங்கள். குறைந்தது 6 மாதம் என்று வைப்பது நல்லது. நோய் வந்த புதிதில் எல்லாமே தலைகீழாக இருக்கும், அப்போது எடுத்த பேட்டி பராமரிப்பைவிட அதிர்ச்சியைத்தான் காட்டும். 'கணவன்/மனைவி' என்பதற்குப் பதில் 'துணை' என்று வைத்துக்கொள்ளுங்கள். திருமணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்களும், வெளியாருக்கு 'நண்பர்' என்று அறிமுகமாகும் தன்பால் இணையர்களும் பராமரிப்பாளர்களாக இருக்கிறார்கள். முதல் பக்கத்துச் சொல்லே அவர்களை வெளியே தள்ளிவிடக் கூடாது.

அளவுகோல்கள் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பராமரிப்புச் சுமைக்கு எல்லோரும் எடுப்பது சாரிட் நேர்காணல். 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 88. அதில் தனிமைக்கு இடமில்லாமல் போனது பற்றி ஒரு கேள்வி வரும்; தாம்பத்தியம் பற்றி ஒன்றும் வராது. அதை ஈடுகட்டத்தான் மாணவர்கள் பெண்களுக்கு எஃப்எஸ்எஃப்ஐ (பெண்களின் பாலியல் செயல்பாட்டை அளப்பது), ஆண்களுக்கு ஐஐஈஎஃப் (ஆணுறுப்பு விறைப்பை அளப்பது) என்ற பாலியல் அளவுகோல்களைச் சேர்க்கிறார்கள். இங்கேதான் பெரிய பிழை நுழைகிறது. இரண்டுமே கடந்த 4 வாரங்களைப் பற்றிக் கேட்பவை. எஃப்எஸ்எஃப்ஐ-யில் உள்ள 19 கேள்விகளில் 15-க்கு 'பாலுறவு இல்லை' என்ற விடை உண்டு, அதற்கு மதிப்பெண் சுழியம். மொத்தம் 36-க்கு 26.55 அல்லது அதற்குக் கீழே வந்தால் 'குறைபாடு' என்று கொள்வது வழக்கம். கணவர் பக்கவாதத்தில் படுத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு இந்தத் தாளைக் கொடுத்தால் வரிசையாகச் சுழியம் விழும். அவருடைய உடலில் எந்தக் கோளாறும் இருக்காது, ஆனால் உங்கள் அட்டவணை அவரைக் குறைபாடுள்ளவர் என்று எழுதிவிடும். பிறகு 'பராமரிப்பாளர்களில் இத்தனை விழுக்காட்டினருக்குப் பாலியல் குறைபாடு' என்று ஒரு முடிவு அச்சேறும். அது முழுக்கத் தவறு, அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயமும்கூட. இந்த அளவுகோல்கள் உறவு நடக்கும் நிலையில் உள்ளவர்களுக்காக அமைந்தவை. உங்கள் ஆய்வுக்கு நேர்காணல்தான் சரியான வழி. எண்கள் வேண்டுமென்று துறை வற்புறுத்தினால் சாரிட்டை மட்டும் பின்னணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கேள்விகளின் வரிசை. வயது, கல்வி, வருமானம், உடனே 'கடைசியாக எப்போது உறவு கொண்டீர்கள்?' என்று பாய்கிற படிவங்கள் உண்டு. எதிரில் இருப்பவர் அந்த இடத்திலேயே மூடிக்கொள்வார். ஒரு நாளின் ஓட்டத்தோடு போங்கள். "காலையில் அவரை எழுப்புவதிலிருந்து சொல்லுங்கள்." "குளிப்பாட்டுவது யார்? முதல் தடவை செய்தபோது எப்படி இருந்தது?" "இரவில் எத்தனை முறை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது?" அடுத்து, "இருவரும் இப்போது எங்கே தூங்குகிறீர்கள்? முன்பு எப்படி?" உங்கள் நேர்காணலின் கீல் இந்தக் கேள்விதான். மருத்துவமனைக் கட்டில் ஒன்று வீட்டுக்குள் வந்திருக்கும். அது ஒற்றைக் கட்டில். துணை தரையிலோ அடுத்த அறையிலோ படுக்கத் தொடங்கியிருப்பார். 'தூக்கத்துக்காக' என்று ஆரம்பித்த ஏற்பாடு நிரந்தரமாகியிருக்கும். அந்த இடமாற்றத்தைச் சொல்லும்போதே பலர் மற்றதையும் சொல்லிவிடுவார்கள். சொல்லாவிட்டால் அடுத்த கேள்வி: "இப்படி ஆன பிறகு இருவருக்கும் இடையிலான நெருக்கம், கையைப் பிடிப்பதிலிருந்து தாம்பத்திய உறவு வரை, மாறியிருக்கும். அதைப் பற்றிப் பேச உங்களுக்குச் சம்மதமா?" சம்மதத்தை இங்கே ஒரு முறை தனியாக வாங்குவது அவசியம். தொடக்கத்தில் கையெழுத்துப் போட்ட தாள் இந்தக் கேள்விக்குப் போதாது.

பதில்களில் ஒரு சொல் உங்களைத் திரும்பத் திரும்ப ஏமாற்றும். "இப்பல்லாம் ஒண்ணும் இல்லை" என்பார்கள். உடலுறவு இல்லையா, ஆசை இல்லையா, தொடுவதே இல்லையா, சண்டை சச்சரவு இல்லையா? 'ஒன்றாக இருப்பது', 'சேருவது', 'அந்த விஷயம்' எல்லாம் இப்படித்தான், ஆளுக்கு ஆள் அர்த்தம் மாறும். அவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறாரோ அதையே வைத்து ஒரு முறை தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: "ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்களே, எதைச் சொல்றீங்க?" அடுத்த கேள்வி இன்னும் முக்கியம்: "அது இல்லாதது உங்களுக்கு எப்படி இருக்கிறது?" சிலருக்கு அது இழப்பு. சிலருக்கு விடுதலை. நாற்பது ஆண்டுகளாக விருப்பமில்லாமல் இணங்கிவந்த ஒருவருக்குத் துணையின் நோய் ஒரு நிம்மதியைக் கொடுத்திருக்கலாம், அதைச் சொல்லிவிட்டு உடனே குற்ற உணர்வில் அழவும் செய்யலாம். உறவு இருப்பது நல்லது, இல்லாதது கெட்டது என்ற முன்முடிவோடு போனால் இது உங்கள் காதில் விழாது.

இருவரையும் சேர்த்துப் பேட்டி காண்பதா, தனித்தனியாகவா? சேர்ந்து பேசும்போது நினைவுகள் ஒன்றையொன்று தூண்டும். ஆனால் நோயாளியைக் காயப்படுத்தும் எதையும் பராமரிப்பவர் அங்கே சொல்ல மாட்டார். இந்தத் தலைப்புக்குத் தனித்தனிதான் சரி. அதில் மறைந்திருக்கும் ஆபத்து, ஆய்வேடு வெளிவந்த பிறகு வருவது. வெளியார் யாருக்கும் அடையாளம் தெரியாது, ஆனால் மனைவி சொன்ன ஒரு வரியைக் கணவர் படித்தால் யார் சொன்னது என்று உடனே தெரிந்துவிடும். பெயரை மாற்றுவதால் இது தீராது. இணையரின் மேற்கோள்களை அடுத்தடுத்து வைக்காதீர்கள், '4-ஆம் இணையர், மனைவி' என்று அடையாள எண் போடாதீர்கள். குழந்தைகளின் எண்ணிக்கை, தொழில், நோய் வந்த ஆண்டு போன்ற விவரங்களைக் கலைத்து எழுதுங்கள்.

இடமும் நேரமும் சின்ன விஷயம் போலத் தோன்றும், பாதிப் பேட்டிகள் அதில்தான் கெடும். பராமரிப்பவரால் ஒரு மணி நேரம் நோயாளியை விட்டு வர முடியாது, ஆகவே அந்த நேரத்துக்கு யார் பார்த்துக்கொள்வார் என்பதை முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். உதவிக்கு வரும் ஆள் அதே கூடத்தில் உட்காரக் கூடாது. வெளியார் யாராவது உள்ளே வந்தால் சட்டென்று மாற ஒரு கேள்வியைத் தயாராக வைத்திருங்கள்; "மருந்துச் செலவு மாதம் எவ்வளவு ஆகிறது?" போதும், அந்த மாற்றத்தைப் பங்கேற்பாளரிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள். ஒரே அமர்வில் எல்லாம் முடியாது. முதல் சந்திப்பு 45 நிமிடம், பராமரிப்பு மட்டும். ஒரு வாரம் கழித்து இரண்டாவது. ஆழமான பேச்சு பெரும்பாலும் இரண்டாவதில்தான் வரும். ஆய்வாளர் ஆணா பெண்ணா என்பதைப் பங்கேற்பாளரே தேர்ந்தெடுக்க வழி செய்யுங்கள். தொலைபேசியில் என்றால் ஒலிபெருக்கி அணைந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இந்த ஆய்வில் ஒப்புதல் என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, ஆய்வில் பங்கேற்கச் சம்மதம். மறதிநோய் என்ற பெயர் இருப்பதாலேயே ஒருவர் சம்மதம் தரத் தகுதியற்றவர் ஆகிவிட மாட்டார். எந்த முடிவு, எந்த நேரம் என்பதைப் பொறுத்துத் திறன் மாறும். காலையில் தெளிவாக இருப்பவர் மாலையில் குழம்பலாம். எளிய வாக்கியங்களில் விளக்கிவிட்டு, அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பேட்டி நடக்கும்போதும் முகத்தைப் பாருங்கள். எழ முயன்றாலோ, முகம் திருப்பினாலோ நிறுத்துங்கள், தாளில் கையெழுத்து இருந்தாலும்.

இரண்டாவது, உறவுக்கான சம்மதம். இங்கிலாந்து, வேல்ஸின் 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் 27-ஆம் பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்கிறது: பாலுறவுக்கு ஒருவர் சார்பில் இன்னொருவர் சம்மதம் தர முடியாது. சொத்து, சிகிச்சை பற்றிய முடிவுகளைப் போல இது இன்னொருவர் கைக்கு மாறாது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மறதிநோயால் பராமரிப்பு இல்லத்தில் இருந்த மனைவியோடு உறவு கொண்டதாகக் கணவர்மீதே வழக்குத் தொடுக்கப்பட்டு, 2015-ல் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. எதிர்த்திசையிலும் எடுத்துக்காட்டு இருக்கிறது: நியூயார்க்கின் ரிவர்டேலில் உள்ள ஹீப்ரூ ஹோம் என்ற முதியோர் இல்லம், அங்கே வசிப்பவர்களின் பாலியல் உரிமையை மதிக்கும் எழுத்து வடிவக் கொள்கையை 1995-லேயே வகுத்தது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் பங்கேற்பாளர்கள் இருக்கிறார்கள். "அவருக்கு நான் யாரென்றே தெரிவதில்லை, ஆனாலும் கட்டிக்கொண்டு படுக்கிறார்" என்று ஒருவர் சொல்லக்கூடும். அதைக் கேட்டுப் பதறவும் வேண்டாம், தலையாட்டிக் கடந்துபோகவும் வேண்டாம். நோயுற்ற துணை விரும்பி நெருங்குகிறாரா, விலகும்போது விடப்படுகிறாரா என்று கேளுங்கள்.

பாதிக்கப்படுவது பராமரிப்பவராகவும் இருக்கலாம், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மூளையின் முன்பகுதியையும் பக்கவாட்டுப் பகுதியையும் தாக்கும் மறதிநோயில் (ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியா) கூச்சமும் தடையும் கழன்றுபோகும். நாளுக்குப் பல முறை வற்புறுத்துவது, குளிப்பாட்டும்போது பிடித்து இழுப்பது, மருமகளிடமோ உதவியாளரிடமோ கைவைப்பது எல்லாம் நடக்கும். 'நோயாளிதானே, பொறுத்துப் போக வேண்டும்' என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லியிருப்பார்கள். பராமரிப்பு தருவதால் உடலையும் தர வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. பங்கேற்பாளருக்கு அதைச் சொல்லக்கூடிய முதல் ஆள் நீங்களாகவே இருக்கக்கூடும்.

ஆகவே களத்துக்குப் போகும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள்: வன்முறையோ வற்புறுத்தலோ தெரியவந்தால் யாரிடம், எத்தனை மணி நேரத்துக்குள் சொல்வீர்கள், எதை ரகசியமாக வைத்திருக்க முடியாது. அந்த எல்லையை ஒப்புதல் தாளிலேயே பங்கேற்பாளருக்கு வாசித்துக் காட்டுங்கள். 'எல்லாமே ரகசியம்' என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறுவது துரோகம்.

பேட்டியின்போது அவர்களும் உங்களிடம் கேள்வி கேட்பார்கள். சமூகப்பணியாளருக்கு இங்கே கைகொடுப்பது உளவியலாளர் ஜாக் ஆனன் 1976-ல் முன்வைத்த பிளிசிட் என்ற நான்கு படி முறை: பேச அனுமதி தருவது, அளவான தகவல் சொல்வது, குறிப்பான யோசனை தருவது, தீவிர சிகிச்சை. ஆய்வாளராக நீங்கள் முதல் இரண்டு படியோடு நில்லுங்கள். அளவான தகவல் என்றால் இப்படி: மாதவிடாய் நின்ற பிறகு வரும் வறட்சியும் வலியும் பரவலானவை, அதற்குச் சிகிச்சை உண்டு. சில மனச்சோர்வு மருந்துகள் ஆசையைக் குறைக்கும். பார்க்கின்சன் மருந்தால் திடீர் உந்துதல் வந்திருந்தால் மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றுவார்; தாமாக நிறுத்துவது ஆபத்து. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர் சில்டெனாஃபில் மாத்திரையைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் அபாயகரமாக விழும். கர்ப்ப பயம் இல்லை என்பதால் ஆணுறை வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு, நோய்த்தொற்றுக்கு வயது வரம்பு இல்லை என்பது. இதற்கு மேல் கேட்டால் பரிந்துரைப் பட்டியலைக் கொடுங்கள். அதில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் நீங்களே முன்னதாக அழைத்து, முதியவர்களையும் இந்தப் பிரச்சினைக்காகப் பார்ப்பார்களா என்று உறுதி செய்திருக்க வேண்டும்.

எத்தனை பேர்? ஓரளவு ஒத்த குழு என்றால் 12 பேட்டிகளிலேயே முக்கியக் கருப்பொருள்கள் திரண்டுவிடும் என்று 2006-ல் ஓர் ஆய்வு காட்டியது. 2017-ல் வந்த இன்னோர் ஆய்வு, குறியீடுகள் (பேட்டிகளில் வரும் கருத்துகளுக்கு ஆய்வாளர் இடும் பெயர்கள்) 9 பேட்டிகளில் நிறைவடைந்தாலும் அவற்றின் பொருள் ஆழமாக விளங்க 16 முதல் 24 வரை தேவைப்பட்டது என்றது. இரண்டு சந்திப்பு வீதம் 15 பேர் என்று திட்டமிடுங்கள். ஒரு மணி நேர ஒலிப்பதிவைப் படியெடுக்க 4 முதல் 6 மணி நேரம் ஆகும், கால அட்டவணையில் அதைச் சேருங்கள். படியெடுக்க வெளியாளிடம் கொடுக்காதீர்கள்.

பதிவுத்தாளில் வெற்றிடம் விடக் கூடாது. 'பொருந்தாது', 'சொல்ல மறுத்தார்', 'இடையில் ஆள் வந்ததால் நின்றது', 'நான் கேட்கவில்லை' என்று நான்கு தனிக் குறிகள் வையுங்கள். கடைசிக் குறிதான் உங்களைத் திருத்தும். 78 வயதுப் பெண்மணியின் எதிரில் உட்கார்ந்ததும் வாய் வராமல் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவது புதிய ஆய்வாளர்களின் வழக்கமான சறுக்கல். பிறகு தரவைப் பார்த்து, 'முதியவர்கள் பேச விரும்பவில்லை' என்று எழுதிவிடுகிறார்கள். யாரும் அவர்களைக் கேட்டதே இல்லை.

முதலில் நான்கு பேரிடம் முன்னோட்டமாகப் பேசிவிட்டு, இந்த நான்கு குறிகளின் எண்ணிக்கையையும் ஒலிப்பதிவில் ஒருமுறை நீங்களே கேட்டுச் சரிபார்த்து, ஒரு பக்க அட்டவணையாக வழிகாட்டியிடம் கொடுங்கள். யார் பதில் சொல்வார்கள் என்று அவர் கேட்டதற்கு விடை அதில் இருக்கும்.